இடக்கைக்காரர்களின் கரை

பாலம் இறங்கி எங்கள் தெரு தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பலகையை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பியவர்கள் அதன் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கறுப்பு மையில் அச்சடித்த பழைய காலத்துப் படம் ஒன்றைப் பத்தாள் உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். நடுவில் ஆறு. ஆற்றின் கோடியில் மறையப்போகும் சூரியன். வலப்பக்கக் கரையில் குடிசைகள், அடுப்புப் புகை, ஆட்கள். இடப்பக்கக் கரையில் மரங்கள், மரங்கள், மரங்கள். கீழே கொட்டை எழுத்தில்: ‘அந்த மாலையை மீட்போம்.’

பாலத்தில் நின்று மேற்கே பார்த்தால் இடது கைப் பக்கம் வருவது தென்கரை. அதாவது நாங்கள். எங்கள் வீடுகள், எங்கள் குழாயடி, எங்கள் சந்துகள், நாய்கள், எல்லாம். படத்தில் எதுவும் இல்லை.

“மீட்கப்போறாங்களாம்,” என்றார் பக்கத்தில் நின்ற சலூன் அண்ணன். “யார்கிட்டேருந்து?”

“நம்மகிட்டேருந்துதாண்ணே.”

“அட, நாம அவ்வளவு பெரிய ஆளுங்களா? மாலைப் பொழுதையே தூக்கிட்டு வந்துட்டோமா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தின் மூலப்பிரதி நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில், அச்சுப் படங்கள் வைக்கும் அறையில், தட்டையான இழுப்பறை ஒன்றில் இருக்கிறது. அதற்குத் தூசி தட்டுகிறவளே நான்தான்.

அதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிய ஓவியர் ஒருவர் செம்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, கோடுகளில் மை நிரப்பிக் காகிதத்தில் அழுத்தி எடுத்தது. கையகலத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் வெளிச்சம் என்று ஒன்றும் கிடையாது. வெளிச்சமாகத் தெரிவதெல்லாம் அவர் கீறாமல் விட்ட வெறும் காகிதம். பலகைக்காரர்கள் பெரிதாக்கும்போது நிழல் பகுதி எல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக்கொண்டுவிட்டது. அசலில் அந்த இருட்டுக்குள் நூறு விதமான கோடு இருக்கிறது.

வேலைக்குப் போனதும் எங்கள் காப்பாளரின் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நகரத்தின் பழைய படங்களைப் பற்றி அவர் எழுதியது. அந்தப் படத்துக்கு நேரே ஒரு வாக்கியம்: ‘தென்கரை அன்று ஆளற்ற சோலையாக இருந்தது.’ இந்த வாக்கியத்தைத்தான் நதிக்கரை அழகுபடுத்தும் திட்டத்தின் அறிக்கையில் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். ஆளற்ற இடத்தில் இப்போது ஆள் இருந்தால் அவர்கள் பிறகு வந்து குந்தியவர்கள். குந்தியவர்களை எழுப்பலாம். அவ்வளவு எளிது.

புதன்கிழமை நகர மன்றத்தில் கருத்துக் கேட்கும் கூட்டம். நாங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம் என்று நிரூபித்தால் எங்களைக் கிளப்ப முடியாது, விதி அப்படி. நிரூபிக்க எங்களிடம் என்ன இருக்கிறது? எங்கள் ஆட்கள் பிறந்தார்கள், உழைத்தார்கள், செத்தார்கள். யாரும் யாரையும் படம் வரைந்து வைத்துக்கொள்ளவில்லை. வரைந்தவரோ, எங்களை விட்டுவிட்டு மரத்தை வரைந்திருக்கிறார்.

அந்தக் கோபத்தோடுதான் மதியம் படத்தை வெளியே எடுத்தேன். கூட்டத்தில் காட்டுவதற்கு முன் அதன் நிலையைச் சரிபார்க்க வேண்டும் என்று காப்பாளரே சொல்லியிருந்தார். ஜன்னல் பக்கம் மேசையில் வைத்து லென்ஸை வைத்துக்கொண்டு வடகரைக் குடிசைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால் பொறாமை. இன்று வடகரையில் பங்களாக்களும் பணக்காரர்களின் கிளப்பும் இருக்கின்றன. அன்று அங்கேயும் நம்மைப் போல ஆட்கள்தான் இருந்திருக்கிறார்கள், அவர்களுக்காவது ஒரு படம் கிடைத்திருக்கிறது என்று.

மரத்தடியில் ஒருவன் இன்னொருவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். கத்தி இடது கையில்.

“நம்ம ஆளு,” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் இடக்கைக்காரி. பள்ளியில் ஆசிரியை ஸ்கேலின் விளிம்பால் அடித்தே எழுத்தை வலக்கைக்கு மாற்றினார். அம்மா தன் பங்குக்குச் சாப்பாட்டு வேளையில் என் இடக்கையைப் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். பீச்சாங்கைக்காரி என்பது தெருவில் எனக்கு இரண்டாவது பெயர். எழுத்தையும் சாப்பாட்டையும்தான் மாற்ற முடிந்தது. கத்தரிக்கோல், கத்தி, கல்லெறிவது எல்லாம் இன்றும் இடதுதான். அதனால் ஒரு கூட்டத்தில் இடக்கைக்காரர் இருந்தால் என் கண் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது விறகு பிளக்கிறவன். கோடாரியை இடது தோளுக்கு மேலே ஓங்கியிருந்தான். படகோரத்தில் வலை பின்னுகிறவன். ஊசி இடக்கையில். பானை தேய்க்கும் பெண். இடக்கை. சோறு ஊட்டும் தாய். அவளும் இடக்கை.

ஐந்து பேரும்.

சோறு ஊட்டுகிறவளைப் பார்த்ததும்தான் எனக்குத் தலையில் அடித்தாற்போல இருந்தது. எந்த ஊரில், எந்த மாமியார் இதை விட்டுவைப்பாள்?

படம் திரும்பியிருக்கிறது. தகட்டில் கீறியதைக் காகிதத்தில் அழுத்தினால் இடம் வலமாகும், வலம் இடமாகும். ஓவியர் பாலத்தில் உட்கார்ந்து கண்ணால் கண்டதைக் கண்டபடி தகட்டில் கீறியிருக்கிறார். சூரியன் நடுவில் இருப்பதால் அது காட்டிக்கொடுக்கவில்லை. படத்தில் பின்னால் தெரியும் குன்றை எப்போதோ கல்லுடைத்துத் தின்றாகிவிட்டது, அதனால் அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. குடிசைகள் இருந்தது தென்கரையில். சோலை இருந்தது கிளப் பக்கம்.

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பிறகு எழுந்து காப்பாளர் அறைக்கு நடந்தேன். ஓடினேன் என்றும் சொல்லலாம்.

அவர் கெட்டவர் இல்லை. என்னை வேலைக்கு எடுத்தவரே அவர்தான். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை என்று தெரிந்ததும், ஏதோ அரிய பொருள் கிடைத்த மாதிரி எல்லாரிடமும் சொல்லிக் காட்டினார். அதுதான் எனக்குப் பிடிக்காது.

சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் வந்து லென்ஸை வைத்து நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது காது இரண்டும் சிவந்திருந்தன.

“தேர்ந்த ஓவியர்கள் தகட்டுல முன்னாடியே திருப்பி வரைஞ்சிடுவாங்கம்மா. அதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.”

“இவர் திருப்பலையே சார். இல்லேன்னா ஊர் முழுக்க இடக்கையா?”

“சுவாரசியமான விஷயம். மறுக்கல. கட்டுரையா எழுது. நம்ம ஆண்டு மலர்ல போடலாம், உன் பேரும் என் பேரும் சேத்து.”

“ஆண்டு மலர் எப்ப சார் வரும்?”

“அடுத்த வருஷம்.”

“அதுக்குள்ள எங்க வீட்டு மேல புல்லு நட்டிருப்பாங்க.”

“உணர்ச்சிவசப்படாத. ஆராய்ச்சி வேற, அரசியல் வேற.”

“உங்க வாக்கியத்த அவங்க அறிக்கையில போட்டப்ப அது எது சார்? ஆராய்ச்சியா, அரசியலா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “உன் வேலை இந்த மாசம் நிரந்தரமாகப்போகுது. நான்தான் பரிந்துரைச்சிருக்கேன். புதன்கிழமை நீ கணினி பக்கத்துல உக்காரு. நான் சொல்றப்ப படத்த மாத்து. அவ்வளவுதான் உன் வேலை.”

அம்மா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இருக்கிறாள். மாலையில் வந்ததும் கையில் ப்ளீச்சிங் வாடையோடு பாயில் சாய்ந்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று.

“பேசினா வேலை போகுமா?”

“போகும்.”

“அப்ப பேசாத.”

“அம்மா! வீடு போகப்போகுதும்மா.”

“வீடு போனா இன்னொரு கூரை. இந்தக் கூரையே மூணாவது தடவை மாத்தினது. வேலை போனா? இந்தத் தெருவுல ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கற ஒரே ஒருத்தி நீ.”

“நீ யார் பக்கம்மா?”

“சோத்துப் பக்கம்.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. “நான் படிச்சது எதுக்கு? அவங்க நம்மள அழிக்கறப்ப பக்கத்துல உக்காந்து பட்டன் அமுக்கறதுக்கா?”

“கத்தாதடி, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். அவங்க வீடும்தான் போகுது.”

அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். முதுகைக் காட்டியபடியே, “உன் பீச்சாங்கைய மாத்த நான் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா? கடைசியில அதுல போய் சாட்சி கண்டுபிடிச்சியாக்கும்,” என்றாள். அது திட்டா, சிரிப்பா என்று தெரியவில்லை. முகத்தைக் காட்டவே இல்லை.

புதன்கிழமை நகர மன்றத்தில் நிற்க இடமில்லை. எங்கள் தெரு மொத்தமும் வந்திருந்தது. வேலைக்குப் போன உடையோடு அப்படியே வந்தவர்கள்தான் பாதிப் பேர். முன்வரிசையில் திட்ட அதிகாரி, கழுத்தில் டை. மேடையில் விசாரணை அதிகாரி, நரைத்த தலைப் பெண்மணி, முன்னால் காகிதக் கட்டும் மைப்பெட்டியும் ரப்பர் முத்திரையும். ஓரத்தில் கணினியும் நானும். அம்மா வரவில்லை. அன்று அவளுக்கு மதிய ஷிப்ட்.

காப்பாளர் பேசினார். அழகாகப் பேசுவார். கறுப்பு மையைப் பற்றி, மாலை ஒளியைப் பற்றி, அமைதி என்பதைக் கோடுகளால் எப்படிச் சொல்லலாம் என்பதைப் பற்றி. பிறகு, “இடப்பக்கம் பாருங்கள். இன்றைய தென்கரை,” என்று ஆரம்பித்தார். குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. எனக்கு மட்டும் கேட்டிருக்கும்.

நான் பட்டனை அமுக்கினேன். அவர் சொன்ன பட்டனை அல்ல.

திரையில் படம் புரண்டது. குடிசைகள் இடப்பக்கம் வந்தன. மரங்கள் வலப்பக்கம் போயின. சவரம் செய்கிறவன் கத்தியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டான்.

மன்றத்தில் சலசலப்பு. திட்ட அதிகாரி திரும்பிப் பார்த்து, “ஏம்மா, படம் தலைகீழாப் போச்சு பாரு, சரி பண்ணு,” என்றார்.

“சரி பண்ணிட்டேன் சார். இதுதான் சரி.”

எழுந்து நின்றேன். படம் அச்சில் திரும்பிய கதையைச் சொன்னேன். திட்ட அதிகாரி சிரித்தார்.

“படத்துக்குக் கீழ இருக்கற எழுத்தப் பாரும்மா. நீ திருப்பினதுல எழுத்தெல்லாம் புரண்டு கிடக்கு. நீ சொல்ற மாதிரி இது சரின்னா எழுத்து ஏன் படிக்க முடியல?”

முன்வரிசை சிரித்தது. இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். நானே என்னைக் கேட்டுக்கொண்டதுதான்.

“எழுத்த வெட்டினது அச்சுக்கூடத்துல சார். அங்க எழுத்துக்குன்னே ஆள் இருப்பான். புரட்டி எழுதறதுதான் அவன் பொழப்பு. படத்தக் கீறினது பாலத்து மேல உக்காந்திருந்த ஓவியர். அவர் கண்ணு பாத்தத கை கீறிச்சு.” மேடையைப் பார்த்தேன். “மேடம், உங்க முத்திரைய எடுத்துப் பாருங்க. ரப்பர்ல எழுத்து எப்படி இருக்கு?”

அந்த அம்மாள் முத்திரையை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் குத்தியிருப்பார். ஒரு முறையாவது திருப்பிப் பார்த்திருப்பாரோ என்னவோ. அதைக் கீழே வைத்தார்.

“அது சரி,” என்றார் திட்ட அதிகாரி. “எந்தப் படத்தையும் யாரும் திருப்பலாம். திருப்பினதுதான் நெசம்னு எப்படிச் சொல்ற?”

“அசலுக்குப் போறேன் சார், பாருங்க.” படத்தை மறுபடி பழையபடி திருப்பினேன். ஆட்களை ஒவ்வொருவராகப் பெரிதாக்கிக் காட்டினேன். “சவரம், இடக்கை. விறகு, இடக்கை. வலை, இடக்கை. பானை, இடக்கை. பிள்ளைக்குச் சோறு, அதுவும் இடக்கை.” பிறகு மன்றத்தைப் பார்த்துக் கேட்டேன். “இங்க யாரெல்லாம் இடக்கைக்காரங்க? கையத் தூக்குங்க.”

நான் தூக்கினேன். பின்வரிசையில் ஒரு பையன் தயங்கித் தயங்கித் தூக்கினான். அவன் அம்மா பழக்கதோஷத்தில் அதைத் தட்டிவிட்டாள். வாசலில் நின்ற காவலர் ஒருவர் தூக்கினார். அவ்வளவுதான்.

“இத்தனை பேர்ல மூணு பேர்,” என்றேன். “அங்க அஞ்சுக்கு அஞ்சு. அந்தக் காலத்துல வடகரைக்காரங்க அத்தன பேரும் பீச்சாங்கையா?”

சலூன் அண்ணனால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்தே விட்டார். “அம்மா, முப்பது வருசமா கத்தி புடிக்கறேன். ஒரே ஒரு நாள் வலக்கையில அடிபட்டு இடக்கையில சவரம் பண்ணினேன். அந்த ஆள் இன்னைக்கும் தொப்பி போட்டுத்தான் நடக்கறாரு. காதக் காட்ட மாட்டாரு.”

மன்றமே அதிர்ந்தது. விசாரணை அதிகாரிக்கும் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டு காப்பாளர் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க. இந்தப் பொண்ணு சொல்றது சரியா?”

“வாய்ப்பு உண்டு,” என்றார் காப்பாளர்.

“வாய்ப்ப நான் கேக்கல. அந்த ஆட்களப் பாத்தீங்களா? படம் திரும்பியிருக்கா, இல்லையா?”

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னை. அந்தப் பார்வையில் கோபத்தைவிட, தன் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தானே கிழிக்கச் சொன்னால் ஒரு மனிதன் எப்படிப் பார்ப்பானோ அது இருந்தது.

“திரும்பியிருக்கு,” என்றார்.

விசாரணை அதிகாரி குறித்துக்கொண்டார். இந்தப் படத்தையும் இதைச் சார்ந்த வாக்கியத்தையும் திட்டத்துக்கு ஆதாரமாக ஏற்க முடியாது. தென்கரையில் அன்று குடியிருப்பு இருந்ததற்கு இதுவே சாட்சி ஆகுமா என்பதை அடுத்த அமர்வில் பார்ப்போம். அதுவரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. முத்திரை குத்தினார். எங்கள் ஆட்கள் போட்ட சத்தத்தில் கூரைப் புறாக்கள் எல்லாம் வெளியே பறந்தன.

மறுநாள் அருங்காட்சியக வாசலில் என் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காவலாளி அண்ணன்தான் வாங்கினார். “என்னத் திட்டாதம்மா,” என்றார். திட்டவில்லை. திட்ட வேண்டியவர் மாடி ஜன்னலில் நின்றிருந்தார். நேராக அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

ஆனால் பலகையை அவர்கள் எடுக்கவில்லை. கேட்டதற்கு, அது ஆதாரம் இல்லை, அலங்காரம் என்று பதில் வந்தது. அலங்காரத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களாம். பாலத்தில் போகிற ஊர் மொத்தமும் தினமும் அதைப் பார்க்கிறது. அடுத்த அமர்வு வருவதற்குள் ஊரின் தலையில் அது பதிந்துவிடும்: மரங்கள், அமைதி, நாங்கள் இல்லாத கரை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சலூன் அண்ணன் கடையைச் சாத்திவிட்டு, தன் சுவரிலிருந்த பெரிய கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பேர் பிடித்து வந்து தெருமுனையில், பலகைக்கு எதிரே, எங்கள் வீட்டு வாசல் சுவரில் சாய்த்து வைத்தார்கள். யோசனை என்னுடையது. கண்ணாடி அவருடையது. வாசல் அம்மாவுடையது. கேட்காமலே வைத்துவிட்டோம், திட்டு விழும் என்று நான் தயாராக இருந்தேன்.

அம்மா வந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். அதற்குள் தெரிந்த படத்தைப் பார்த்தாள். குடிசைகள் இந்தப் பக்கம்.

“இவ்வளவு அழுக்குக் கண்ணாடியில என்னடி தெரியும்?” என்று உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி ஜன்னல் துடைக்கிற மாதிரி மூலை மூலையாகத் துடைத்தாள்.

பாலத்தில் போனவர்கள் இறங்கி வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். முதலில் பலகையைப் பார்ப்பார்கள், பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைப் பார்ப்பார்கள், பிறகு எங்களைப் பார்ப்பார்கள். யாராவது ஒருத்தர் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தோம். சலூன் அண்ணன் நாற்காலியையும் கொண்டுவந்து போட்டுவிட்டார். கண்ணாடி இங்கே இருக்கும்போது கடை மட்டும் அங்கே எதற்கு?

மூன்றாம் நாள் மாலையில் திட்ட அதிகாரியின் கார் வந்தது. அதே டை. வெயில் ஆற்றின் கோடியில் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் அச்சுச் சூரியனும் அதன் பக்கத்தில் அசல் சூரியனும். அவர் காரை விட்டு இறங்கி, கூட்டத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, கடைசியில் வாசல்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் வந்தார்.

“இது யார் வீடும்மா?”

“என் வீடு.”

“இந்தக் கண்ணாடிய வைக்க அனுமதி வாங்கினீங்களா?”

“என் வாசல்ல என் மூஞ்சியப் பாக்க யார்கிட்ட அனுமதி வாங்கணும்?”

அவர் கண்ணாடியை விரலால் தட்டினார். “வண்டி ஓட்டறவங்களுக்குக் கண்ணு கூசுது. ஆபத்து. எடுத்துடுங்க.”

அம்மா எழுந்தாள். ஒரு கணம் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சோத்துப் பக்கம் நிற்கிறவள் ஆயிற்றே, எடுத்துவிடுவாளோ என்று. இடுப்பில் சொருகியிருந்த துணியை உருவி, அவர் விரல் பட்டுத் தடம் விழுந்திருந்த இடத்தைக் கண்ணாடியில் துடைத்தாள். பிறகு அதே துணியால், அவர் தலைக்கு மேலே நின்ற பலகையைக் காட்டினாள்.

“மொதல்ல அத எடுங்க தம்பி. அப்புறம் இத எடுக்கறோம்.”